நர்ஸம்மா பதிவேட்டின் பூர்வீகம்

வீட்டில் எத்தனை பேர், யாராவது முழுகாமல் இருக்கிறார்களா, ஐந்து வயதுக்குள் குழந்தைகள் எத்தனை, குடிதண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், கக்கூஸ் இருக்கிறதா, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டா? வாசற்படியில் நின்றபடியே கிராம சுகாதார செவிலியர் கேட்டு எழுதிக்கொண்டு போகும் இந்தக் கேள்விகள் நமக்குப் பழகிப்போனவை. அவர் கையில் இருக்கும் நீளமான பதிவேடும் அப்படித்தான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் தமிழ்நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு செவிலியர் தன் ஊரை வீடு வீடாக எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு தெருவுக்கு என்ன வேண்டும் என்று அந்தத் தெருவுக்கே போய்ப் பார்த்து எழுதுவது எளிதான யோசனைதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு துணிக்கடைக்காரர், ஒரு பருத்தி வியாபாரி, ஒரு கப்பல் முதலாளி, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் துரைமார்கள் என்று பெரிய பட்டாளமே நிற்கிறது. அவர்களில் பாதிப் பேருக்கு ஏழைகளின் உடம்பைப் பற்றிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அவரவர் கவலை அவரவர்க்கு.

முதலில் 17ஆம் நூற்றாண்டு லண்டனுக்குப் போவோம். கொள்ளைநோய் எப்போது வரும், எந்தப் பக்கம் வரும் என்று தெரியாத காலம். தேவாலயத்தில் சாவு மணி அடித்தால், அந்தப் பங்கைச் சேர்ந்த வயதான பெண்கள் இழவு வீட்டுக்குப் போவார்கள். பெரும்பாலும் வேறு வருமானம் இல்லாத விதவைகள். பிணத்தைப் பார்ப்பார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், செத்தது எதனால் என்று பங்குக் கணக்கரிடம் சொல்வார்கள். 1665 கொள்ளைநோயின்போது இவர்கள் தெருவில் நடந்தால் கையில் 3 அடி சிவப்புக் கோல் பிடித்திருக்க வேண்டும் என்று உத்தரவு இருந்தது. பார்த்ததும் எல்லோரும் விலகிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. சுகாதாரத்துக்காக வீடு வீடாகப் போன முதல் களப்பணியாளர்கள் என்று இவர்களைத்தான் சொல்ல வேண்டும். வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இப்படித் திரட்டியது வாராந்தரச் சாவுப் பட்டியலாக வெளிவந்தது. செவ்வாய் இரவு கணக்கு வந்து சேரும், புதன் அன்று தொகுத்து அச்சடிப்பார்கள், வியாழன் அன்று விற்பனைக்கு வரும். ஆண்டுச் சந்தா 4 ஷில்லிங். வாங்கியவர்கள் வசதியானவர்கள். சாவு எண்ணிக்கை ஏறுகிறதென்றால் கிராமத்து மாளிகைக்கு மூட்டை கட்டலாம், இறங்கினால் திரும்பி வரலாம். கணக்கெடுக்கப்பட்ட தெருவுக்கு அந்தக் கணக்கால் ஒரு காசு பிரயோஜனம் கிடையாது.

இந்தச் சாவுப் பட்டியல்களை ஜான் கிரான்ட் என்ற துணிக்கடைக்காரர் சேர்த்து வைத்துப் புரட்டினார். கடைக்கணக்குப் பார்க்கிற கண்ணோடு பார்த்ததில் வேறொன்று புலப்பட்டது. லண்டனில் பத்து லட்சத்துக்கும் மேல் பேர் இருப்பதாக ஊரே பெருமையடித்துக் கொண்டிருந்தபோது, 3,84,000தான் தேறும் என்று 1662இல் ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதினார். சில பங்குகளில் எத்தனை குடும்பங்களுக்கு எத்தனை சாவு என்று பார்த்து, அதை வைத்து ஊர் முழுவதையும் கணித்திருந்தார். தகவல் தந்த கிழவிகளைப் பற்றியும் அவருக்குக் குறை உண்டு: ஒரு குவளை பீரும் கொஞ்சம் காசும் கொடுத்தால், மேகநோயில் செத்தவரைக் காசநோய்க் கணக்கில் சேர்த்துவிடுகிறார்களாம். களத்திலிருந்து வரும் தகவலை மேசையில் இருப்பவர் சந்தேகிக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் குடும்ப மானத்தைக் காப்பாற்ற அந்த வீட்டார் படும் பாடு மேசைக்காரருக்குத் தெரியாது, வாசலில் நின்றவருக்குத் தெரியும். எனக்கென்னவோ அந்தக் கிழவிகள் மேல் கோபம் வரவில்லை.

இரண்டு நூற்றாண்டு தாண்டி 1854. லண்டன் பிராட் தெருவில் காலரா. அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்த மருத்துவர் ஜான் ஸ்னோவின் பெயர் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நோய் அந்தப் பம்புத் தண்ணீரில்தான் பரவுகிறது என்று அவர் சொன்னதைப் பொய்யென்று நிரூபிக்கக் கிளம்பிய ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியாரை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. அந்தத் தெருவாசிகளை அவருக்கு நன்றாகத் தெரியும். போன வீட்டுக்கே மறுபடி மறுபடி போனார். யார் எந்தத் தண்ணீர் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கடைசியில் ஸ்னோ சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டதோடு, பம்புக்குப் பக்கத்து வீட்டில் நோயுற்ற கைக்குழந்தையின் துணி அலசிய தண்ணீர் வீட்டுக் கழிவுக்குழிக்குப் போனது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். ஒரே வாசலுக்கு நான்காம் முறை போகும்போதுதான் உண்மையான பதில் வரும் என்பது களப்பணியாளர்கள் எல்லோரும் அறிந்தது. அதற்கு முதல் சாட்சி இந்தப் பாதிரியார்.

இனி வியாபாரிகளின் முறை. லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற பெரும் வணிகர் இருந்தார். 1859இல் அவர் மனைவி இறந்துபோனார். கடைசி நாட்களில் அவரைக் கவனித்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற செவிலியரை அனுப்பிவைக்க ராத்போனுக்கு மனமில்லை. பணமிருந்தும் இந்த வீட்டிலேயே இவ்வளவு வேதனை என்றால் பணமில்லாத வீட்டில் எப்படியிருக்கும் என்று யோசித்து, ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ப் பணிவிடை செய்ய அவரை மூன்று மாதத்துக்கு நியமித்தார். ஒரு மாதத்தில் ராபின்சன் அழுதுகொண்டே திரும்பி வந்து, பார்த்த அவலத்தைத் தாங்க முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்றார். ராத்போன் விடவில்லை, பேசிச் சமாதானம் செய்து திருப்பி அனுப்பினார். மூன்று மாதம் முடிந்ததும் ராபின்சனே இதைவிட்டுப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இப்படி இன்னும் பல செவிலியர்கள் வேண்டும் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலிடம் கேட்டார் ராத்போன். இருந்தால்தானே அனுப்ப? உங்கள் ஊரிலேயே பயிற்சி கொடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அப்படியே செய்தார்கள். லிவர்பூல் நகரம் 18 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. வட்டாரத்துக்கு ஒரு செவிலியர், மேற்பார்வைக்கு ஒரு சீமாட்டி. 'என் ஏரியா' என்று இன்றைய செவிலியர் சொல்கிறாரே, அந்த எல்லைக்கோட்டை முதலில் போட்டது இங்கேதான். அதே சமயம் பக்கத்து மான்செஸ்டரில், 1862 முதல், உழைக்கும் வர்க்கத்துப் பெண்களையே சம்பளத்துக்கு அமர்த்தி, கையில் கார்பாலிக் பொடியைக் கொடுத்துச் சந்து சந்தாக அனுப்பியது ஒரு மாதர் சங்கம். பொடி கொடுக்கிற சாக்கில் வீட்டுக்குள் போகலாம். வீட்டுக்குள் போனால் என்ன குறை என்று பார்க்கலாம். இன்று இரும்புச்சத்து மாத்திரையோடு வாசலுக்கு வருகிற உத்தியின் தாய்வீடு மான்செஸ்டர்தான்.

நைட்டிங்கேலுக்கு இந்தக் கதையில் வேறொரு பாத்திரமும் உண்டு. இந்தியாவில் கால் வைக்காமலே இந்தியாவின் சுகாதாரத்தை அளக்க முயன்றவர் அவர். 1859இல் பிரிட்டிஷ் இந்தியப் படையின் சுகாதாரம் பற்றி ஒரு ராயல் கமிஷன் அமைந்தது. ஒவ்வொரு ராணுவ முகாமுக்கும் கேள்வித்தாள் தயாரித்து அனுப்பினார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, பாரக்கில் ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம். பதில்கள் மூட்டை மூட்டையாகப் போய்ச் சேர்ந்தன. படுக்கையில் இருந்தபடியே படித்து, பட்டாளத்தைக் கொன்றது பகைவனின் குண்டைவிட முகாமின் அழுக்குதான் என்று காட்டினார். தபாலில் போன அந்தக் கேள்விகளில் பாதி, தண்ணீரும் சாக்கடையும் சேர்த்து, நம் பதிவேட்டில் இப்போதும் உட்கார்ந்திருக்கின்றன.

லிவர்பூல் இன்னொரு முதலாளியையும் தந்தது. சார்லஸ் பூத் பிரேசிலுக்குக் கப்பல் விட்டு, தோல் வியாபாரத்தில் சம்பாதித்தவர். லண்டனில் ஏழைகள் உண்மையில் எத்தனை பேர் என்ற வாக்குவாதத்துக்கு முடிவுகட்ட 1886இல் சொந்தக் காசில் ஒரு சர்வே தொடங்கினார். அது 1903 வரை நீண்டது. தெருத் தெருவாக வண்ணம் பூசிய அவரது வரைபடங்கள் புகழ்பெற்றவை. பணக்காரத் தெரு மஞ்சள், நடுத்தரம் சிவப்பு, ஏழ்மை நீலம், எல்லாவற்றுக்கும் கீழே கறுப்பு. ஆனால் எல்லா வீட்டுக்கும் அவர் ஆட்கள் போகவில்லை. பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீடுவீடாக அலைந்த பள்ளி வாரிய ஊழியர்களை உட்கார வைத்து மணிக்கணக்கில் கேட்டார்கள். பிறகு ஒரு சுற்று, பீட் போலீஸ்காரர்களோடு நடந்து பார்த்துத் திருத்தினார்கள். கறுப்பு பூசிய தெருக்களில் இருப்பவர்கள் பாதிக் குற்றவாளிகள் என்று படக்குறிப்பிலேயே எழுதிவைத்திருந்தார்கள்.

நல்ல சரக்குக்கு உடனே நகல் வந்துவிடும். சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்துப் பெண்கள் பூத்தின் வண்ண உத்தியை எடுத்துக்கொண்டு, தங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்த நாட்டுக்காரர் எந்த வீட்டில், வாரக் கூலி எவ்வளவு என்று 1895இல் வரைபடம் போட்டார்கள். ஃபிளாரன்ஸ் கெல்லியின் தலைமையில் வீடு வீடாகக் கேட்டு எழுதியது இது. பூத்துக்கும் இவர்களுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு: இவர்கள் அந்தத் தெருவிலேயே குடியிருந்தார்கள்.

நியூயார்க்கில் லில்லியன் வால்ட் என்ற இளம் செவிலியரும் அதையே செய்தார். 1893இல் புலம்பெயர்ந்தோர் நெரிசலாக வாழ்ந்த கிழக்குப் பகுதியில் பெண்களுக்கு வீட்டுப் பராமரிப்பு வகுப்பு எடுத்துக் கொண்டிருந்தபோது ஒரு சிறுமி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். அம்மாவுக்குப் பிரசவமாகி உடம்பு சரியில்லை. அந்தக் குடித்தனத்தைப் பார்த்துவிட்டு வந்த வால்ட் மருத்துவப் படிப்பைக் கைவிட்டு அந்தப் பகுதியிலேயே குடியேறினார். ஹென்றி தெருவில் அவர் தொடங்கிய இல்லத்திலிருந்து செவிலியர்கள் மாடி மாடியாக ஏறினார்கள். ஒரு கட்டடத்தில் இறங்கி மறுபடி ஏறுவதற்குப் பதில் மொட்டைமாடி வழியாகவே அடுத்த கட்டடத்துக்குத் தாவுவார்கள். அவர்கள் காலத்துப் பழக்கம் ஒன்று இன்றும் நம் நர்ஸிங் கல்லூரிகளில் மதிப்பெண்ணோடு கற்பிக்கப்படுகிறது: வீட்டுக்குள் போனதும் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பையை வைத்து, கையைக் கழுவிய பிறகுதான் பையைத் திறக்க வேண்டும். செய்தித்தாள் விரிக்கும் அந்த அரை நிமிடத்தில் கண் அறை முழுவதையும் சுற்றி வந்துவிடும். அடுப்பு எங்கே, ஜன்னல் உண்டா, பானைக்கு மூடி இருக்கிறதா. பரீட்சையில் இதைக் கேட்பதில்லை. ஆனால் சீனியர் செவிலியர்கள் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

1909இல் வால்ட் ஒரு பலே காரியம் செய்தார். மெட்ரோபாலிடன் லைஃப் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தொழிலாளர் வீடுகளில் வாராவாரம் சில்லறைக் காசாகப் பிரீமியம் வசூலித்துக் கொண்டிருந்தது. உங்கள் பாலிசிதாரர் செத்தால் உங்களுக்குத்தானே நஷ்டம், நாங்கள் வீட்டுக்குப் போய்க் கவனிக்கிறோம், ஒரு விசிட்டுக்கு 50 சென்ட் கொடுங்கள் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்த நிறுவனம் சம்மதித்தது. அந்தச் சேவை 1953 வரை நடந்தது. அதோடு நிற்கவில்லை. வாராவாரம் வாசலுக்குப் போகிற ஏஜெண்டுகள்தான் ஏராளமாக இருக்கிறார்களே, அவர்களையே கேட்கச் சொன்னால் என்ன? 1915இல் ரோசெஸ்டர் நகரில் பிரீமியம் வாங்கும் கையோடு, வீட்டில் இன்று யார் யாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிவந்தார்கள். சாவை எண்ணிய லண்டன் கிழவிகளிலிருந்து நோயை எண்ணும் இடத்துக்கு இந்தப் பழக்கம் வந்து சேர 250 ஆண்டுகள் பிடித்தன. வந்தது இன்சூரன்ஸ் கம்பெனியின் லாபக் கணக்கில் ஏறி. அடுத்த ஆண்டு அதே நிறுவனம் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்துக் காசநோய்க்காக ஊரையே பரிசோதிக்கப் பணம் கொடுத்தது. பிற்காலத்தில் மாரடைப்புக்கான காரணங்களை உலகத்துக்குச் சொன்ன ஆய்வு 1948இல் அந்த ஊரில்தான் ஆரம்பமானது.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். கேள்வியை முடிவு செய்தவர் எப்போதுமே காசு கொடுத்தவர்தான். பதிலில் உருப்படியானது பெரும்பாலும் கேள்வித்தாளுக்கு வெளியில் கிடைத்தது.

அமெரிக்காவின் கென்டக்கி மலைகளில் அந்நாளில் சாலை கிடையாது. மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற செவிலியர் 1923இல் குதிரையேறி அந்த மலைக் கிராமங்களைச் சுற்றி, பிரசவம் பார்த்த 53 மருத்துவச்சிகளைத் தேடிப்பிடித்துப் பேசினார். பிறகு ஸ்காட்லாந்தின் மலைகளுக்கும் தீவுகளுக்கும் போய், ஆளரவமற்ற ஊர்களில் செவிலியர் சேவை எப்படி நடக்கிறது என்று பார்த்துவந்து, 1925இல் தன் மலையில் அதை நகலெடுத்தார். அங்கே வேலையே பிறப்பு, இறப்பை வீடு வீடாகக் கேட்டு எழுதுவதில்தான் ஆரம்பித்தது.

இதே காலத்தில் கதை நம் பக்கம் வந்துவிட்டது. 1916இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அமைப்பு இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தது, கொக்கிப்புழுவை ஒழிக்க. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து போன தமிழர்கள். இரத்தசோகை பிடித்த ஆள் கொழுந்து குறைவாகப் பறிப்பார் என்பது துரைமார்களின் கவலை. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. சில மாதங்களில் மறுபடியும் புழு. தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வரிசை வீடுகளைச் சுற்றிக் கழிப்பறையே இல்லாதபோது மருந்து மட்டும் என்ன செய்யும்? ஒரே ஒரு நோயை விரட்டிக்கொண்டு ஓடுவது வீண் என்று உணர்ந்தவர்கள், ஒரு வட்டாரத்தின் தாய், சேய், தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் 'சுகாதாரப் பிரிவு' ஒன்றை 1926இல் களுத்துறையில் தொடங்கினார்கள். மருத்துவ மாதர், செவிலியர், சுகாதாரப் பரிசோதகர் என ஒவ்வொருவருக்கும் எல்லை பிரித்த பகுதி. இலங்கையின் தாய்சேய் நலம் உலகமே பாராட்டும் நிலைக்கு வந்ததற்குப் பிள்ளையார் சுழி போட்டது களுத்துறை. ஆனால் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது தோட்டத்துத் தமிழரின் உடம்பு, பலன் போனது கடலோர ஊருக்கு. தோட்டங்கள் அரச சுகாதார அமைப்புக்குள் வரப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் உறுத்துகிற இடம் இதுதான்.

இன்னொரு கிளை சீனாவில் துளிர்த்தது. பெக்கிங்கில் ஜான் கிராண்ட் (லண்டன் துணிக்கடைக்காரர் அல்ல, இவர் வேறு) என்ற பொதுச் சுகாதாரப் பேராசிரியர் 1925இல் ஒரு வார்டையே தன் மாணவர்களுக்கு ஆய்வுக்கூடமாக்கினார். அவர் மாணவர் சி. சி. சென், 1930களில் டிங்ஷியன் வட்டாரக் கிராமங்களில் விவசாயிகளையே சுகாதாரப் பணியாளர்களாக்கினார். கொஞ்ச நாள் பயிற்சி, ஒரு மருந்துப் பெட்டி, பிறப்பு இறப்பு எழுத ஒரு நோட்டு. கிராண்ட் 1939இல் கல்கத்தாவின் அகில இந்திய சுகாதார நிறுவனத்துக்கு இயக்குநராக வந்தார். இந்தியாவின் சுகாதார அமைப்புக்கு வரைபடம் போட்ட, போர் என்பவர் தலைமையிலான குழு 1946இல் அறிக்கை தந்தபோது ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். குழு உறுப்பினர்களில் நம் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் இருந்தார். ஆரம்ப சுகாதார நிலையம் என்று நாம் இன்று சொல்லும் அமைப்பு அந்த அறிக்கையில் பிறந்தது.

ஆப்பிரிக்கக் கிளையையும் சொல்லிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஃபோலேலா என்ற சூலு மக்களின் வட்டாரத்தில் 1940இல் சிட்னி, எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி வேலையைத் தொடங்கினார்கள். ஒரு சின்ன எல்லைக்குள் இருக்கும் வீடுகளை மட்டும் முழுதாகத் தெரிந்துகொள்வது, பிறகு எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிப்பது என்பது அவர்கள் வழி. அங்கே சில மாதம் தங்கிப் படித்த ஜாக் கெய்கர் என்ற அமெரிக்க மாணவர், 1960களில் மிசிசிப்பியின் பருத்திக்காட்டில், மவுண்ட் பாயூ என்ற கறுப்பின மக்களின் ஊரில் மருத்துவ நிலையம் தொடங்கியபோது, முதலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மக்கள் கேட்டது சாப்பாடு. சரி என்று மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும் இறைச்சியும் எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக்கடை பில் மருந்தகக் கணக்கில் போனது. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தபோது, சத்துக்குறைவுக்கு நான் படித்தவரையில் மருந்து சாப்பாடுதான் என்ற பொருளில் கெய்கர் பதில் சொன்னார். ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கான ஏக்கரில் கூட்டுறவுப் பண்ணையும் போட்டார்கள்.

இங்கே இந்தியாவில் அப்போது காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. 1966 முதல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு: இத்தனை அறுவை சிகிச்சை, இத்தனை லூப். டெல்லி மாநிலத்துக்குச் சொல்லும், மாநிலம் மாவட்டத்துக்கு, கடைசியில் அது செவிலியர் தலையில் இறங்கும். 'கேஸ் பிடிப்பது' என்ற பேச்சு அந்தக் காலத்தது. தகுதியான தம்பதியர் பதிவேடு என்று இன்றும் இருக்கும் நோட்டு, தெருவுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்குப் பதில், தெருவிடமிருந்து நமக்கு எத்தனை கேஸ் வரும் என்று பார்க்கும் கருவியாகிப் போனது. 1994 கெய்ரோ மாநாட்டுக்குப் பின் காலம் மாறி, 1996 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் இலக்கு ரத்தானது. இலக்கில்லை என்றால் வேலையும் இல்லை என்று பல ஊர்களில் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். எண்ணிக்கை சரிந்தது. பதறிப்போன அமைச்சகம் மறு ஆண்டே திட்டத்துக்கு 'சமூகத் தேவை மதிப்பீடு' என்று வேறு பெயர் சூட்டியது. செவிலியர் ஊராட்சியோடும் மகளிர் குழுவோடும் பேசி, வீடு வீடாகப் பார்த்து, தன் பகுதிக்கு இந்த ஆண்டு என்ன வேண்டும் என்று கீழிருந்து எழுதி அனுப்ப வேண்டும். ராத்போன் நகரை 18 வட்டாரமாகப் பிரித்து ஏறக்குறைய 135 ஆண்டுகள் கழித்து, இந்தியச் செவிலியரிடம் உன் பகுதிக்கு என்ன தேவை என்று அதிகாரபூர்வமாகக் கேட்டார்கள்.

அந்தக் கணக்கு எப்படிப் போடுவார்கள் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மக்கள்தொகை 5,000. ஆயிரத்துக்கு 14 பிறப்பு என்றால் ஆண்டுக்கு 70 குழந்தை. கலைந்துபோகும் கர்ப்பங்களுக்காக நூற்றுக்குப் பத்து கூட்டினால் 77 கர்ப்பிணிகள். எந்த நாளில் பதிவேட்டைத் திறந்தாலும் இதில் பாதி, சுமார் 38 பேர், அதில் இருக்க வேண்டும். 25 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் செவிலியர் யோசிப்பார். ஏதோ ஒரு தெரு விட்டுப்போயிருக்கிறது. இல்லையென்றால் வளைகாப்பு முடிந்து பெண்கள் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இந்தத் தாய்வீட்டுப் பயணம் நம் ஊர்ப் பதிவேடுகளுக்கே உரிய தலைவலி. புகுந்த ஊர்ச் செவிலியர் முதல் ஊசி போட்டிருப்பார், பிரசவம் பிறந்த ஊர்க் கணக்கில் வரும். ஒரே பெண் இரண்டு பதிவேட்டில் இருப்பாள், அல்லது இரண்டிலும் இல்லாமல் போவாள். கர்ப்பிணிக்கு ஒரு தனி எண் கொடுத்து அதை அவளோடு ஊர் ஊராகப் போக விடும் பிக்மி இணையப் பதிவுக்குத் தமிழ்நாட்டில் இருந்த பெரிய அவசியம் இதுதான். ஆயிரத்துக்கு 14 என்ற எண் எந்த மேசையிலும் கிடைக்கும். எந்தப் பெண் எந்த ஊர் பஸ் ஏறினாள் என்பது அங்கே கிடைக்காது.

அமெரிக்காவில் இதற்குள் எல்லோரும் காருக்கு மாறியிருந்தார்கள். நர்ஸிங் மாணவர்கள் ஒரு பகுதிக்குள் மெதுவாக வண்டி ஓட்டி, கண்ணாடி வழியாகவே பார்த்து எழுதும் பழக்கத்துக்கு 'விண்ட்ஷீல்ட் சர்வே' என்று பெயர். வீடுகள் எந்த நிலையில், கடையில் காய்கறி உண்டா அல்லது சாராயம் மட்டும்தானா, பஸ் நிற்குமா, வெளியே நடமாடுகிறவர்கள் யார். நம் கல்லூரிப் பாடப்புத்தகங்களிலும் இது அதே பெயரோடு இருக்கிறது. நடைமுறையில் கல்லூரி பஸ் ஊர் எல்லையில் இறக்கிவிட, மாணவிகள் வெயிலில் நடந்துதான் 'விண்ட்ஷீல்ட்' செய்கிறார்கள். நடப்பவர்களுக்குத்தான் அதிகம் தெரியும் என்பதால் இதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

1980களில் கடைசி பெரிய திருப்பம். வெளியாள் வந்து அளப்பதற்குப் பதில் ஊர்க்காரர்களே தங்கள் ஊரை வரைந்தால் என்ன என்று வேளாண்மை ஆய்வாளர்கள் யோசித்தார்கள். தாய்லாந்திலும் கென்யாவிலும் குஜராத்திலும் கர்நாடகத்திலும் பரிசோதனைகள் நடந்தன. ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் அதை உலகுக்கு எழுதிச் சொன்னார். காகிதம், பேனா கொடுத்தால் படித்தவர் கையில் போய்விடுகிறது. தரையும் கோலப்பொடியும் இருந்தால் பெண்கள் கை ஓங்குகிறது. கோலம் போடும் பெண்ணுக்கு ஊரின் அளவு மனப்பாடம். எந்த வீட்டில் நோயாளி, எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்பதெல்லாம் விதையும் இலையும் கூழாங்கல்லுமாகத் தரையில் வந்து உட்கார்ந்தன. சுகாதாரத் துறை அதை எடுத்துக்கொண்டது. 1988இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக அனெட், ரிஃப்கின் என்ற இருவர், ஏழை நகர்ப்பகுதிகளின் தேவையை விரைவாக அறிய ஒரு கையேடு எழுதினார்கள்.

ஏழை நாடுகளுக்கென்று எழுதப்பட்ட அந்தக் கையேடு சில ஆண்டுகளில் எடின்பரோவுக்குப் போனது. டம்பிடைக்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில் ஒரு குடும்ப மருத்துவரும், வீடுகளுக்குப் போகும் செவிலியரும், சமூகப் பணியாளரும் சேர்ந்து அங்குள்ளவர்களை உட்கார வைத்துக் கேட்டார்கள். மருத்துவமனை, மாத்திரை என்று பதில் வரும் என்று எதிர்பார்த்தால், பஸ் வசதி இல்லை, பிள்ளைகள் விளையாட இடமில்லை, பாதையெல்லாம் நாய் அசிங்கம், பக்கத்தில் நல்ல கடை இல்லை என்று வந்தது.

மறுபடி நம் ஊருக்கு வருவோம். சென்னையில் 2020இல் கொரோனா பரவியபோது மாநகராட்சி ஆயிரக்கணக்கான களப்பணியாளர்களை வெப்பமானியோடு தெருவில் இறக்கியது. அடுக்ககங்களின் காவலாளி பலரை வாசலோடு திருப்பி அனுப்பினார், சிவப்புக் கோல் இல்லாத குறைதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வாசல் கேள்விகளில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. தாயும் சேயும் மட்டுமே இருந்த பக்கத்தில் தாத்தாவும் பாட்டியும் ஏறிவிட்டார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிப் பக்கம் இன்னொரு வகை வீடு உண்டு. ஒரே அறையில் ஆறேழு ஒடிசா, பீகார் இளைஞர்கள், ஷிஃப்ட் மாற்றிப் படுப்பவர்கள். பகலில் போனால் பூட்டு தொங்கும், அல்லது உள்ளே இருப்பவர் தூக்கத்தில் இருப்பார். தம்பதி இல்லை, குழந்தை இல்லை, ரேஷன் கார்டு இல்லை. தகுதியான தம்பதியர் பதிவேட்டில் அந்த அறைக்குப் பக்கம் கிடையாது, அந்த அறையில் இருக்கும் இருமலுக்கு ஒரு பக்கம் வேண்டியிருக்கிறது.